நாய்களுக்குத் தடை போடும் முன்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மடல்

சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும், நம் வளாகத்தில் நாய் வளர்க்கும் 14 வீட்டாருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். குழந்தைகள் விளையாடும் இடத்தில் உண்ணி தென்பட்டதாம்; அதனால் அடுத்த பொதுக்குழுவில் நாய் வளர்க்கத் தடை கொண்டுவரப் போகிறீர்களாம். பயந்துபோன பெற்றோர் மீது எனக்குக் கோபமில்லை, அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் தடையால் உண்ணி போகாது.

சென்ற ஐப்பசியில் எங்கள் நாய் சிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை கூடத்துத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம், அவள் மூக்கிலிருந்து. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. உண்ணி கடித்து வரும் டிக் ஃபீவர், எர்லிகியா என்ற கிருமி என்றார் மருத்துவர். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தோம். உடம்பு முழுக்கத் தடவித் தேடியும் அகப்பட்டவை மூன்றே உண்ணிகள்: காதுமடலுக்குள் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று.

மற்றவை எங்கே என்று அன்றிரவு டார்ச் அடித்துத் தேடினேன். ஸ்விட்ச் போர்டு சுவரோடு சேரும் விளிம்பில், கடுகைவிடச் சிறிதாக, பழுப்பாக ஒரு வரிசை. ஊசி முனையால் தொட்டதும் வரிசை கலைந்து மேல்நோக்கி ஊர்ந்தது. அத்தனையும் உண்ணிக் குஞ்சுகள்.

நம் பக்கத்து நாய்களைக் கடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகக்கூடிய இனம் அது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பொரிந்து வருகிற ஆறுகால் குஞ்சு நாய்மேல் ஏறிக் குடிக்கும், இறங்கித் தோலுரிக்கும், மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை. வளர்ந்த உண்ணி ஒரு சொட்டு ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நம் நாய்களை நாளைக்கே வெளியேற்றினாலும் விரிசலில் இருப்பவை அங்கேதான் இருக்கும். வாசலில் படுக்கும் மூன்று தெருநாய்கள் அவற்றுக்குப் போதும். பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் சங்கம் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதை வைத்து உங்களோடு வழக்காட நான் எழுதவில்லை. எனக்கு வேண்டியது வேறு.

எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் மருந்து. நான் சித்திரையில், எதிர்வீட்டார் ஆடியில் என்று ஆளுக்கொரு கணக்கில் கொடுப்பதால்தான் உண்ணி பிளாக் பிளாக்காகச் சுற்றுகிறது. 14 நாய்க்கும் எடை பார்த்து மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையோ, பிடரித் தோலில் விடும் சொட்டு மருந்தோ கொடுப்போம். அதே வாரம் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் படிக்கட்டின் அடிப்பாகம், கார் நிறுத்துமிடத் தூண்கள், சுவர் விரிசல்களில் அடிக்கட்டும். முட்டைகள் முதல் தடவைக்குத் தப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் அடிக்க வேண்டும். தரை காயும்வரை குழந்தைகளும் நாய்களும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பூனை வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனைக்கு உயிராபத்து. வாசல் நாய்களுக்கும் மருத்துவரிடம் கேட்டு சங்கப் பணத்தில் மருந்து கொடுக்க வேண்டுகிறேன்.

குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு உண்ணியைவிட அதுதான் கவலை. நாயின் மலத்தில் வரும் உருண்டைப்புழு முட்டை அன்றே தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றியபிறகே தொற்றும், அப்புறம் ஆண்டுக்கணக்கில் சாகாது. மண் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தைக்குள் போனால் அந்தப் புழு கண்வரை போகக்கூடும். கொக்கிப்புழுக் குஞ்சு ஒரு வாரத்திலேயே வெறுங்காலில் துளைத்து ஏறும். அதனால் மலத்தை அன்றன்றே, முடிந்தால் அந்த நிமிடமே அள்ளிவிட வேண்டும். தொட்டியை இரவில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், பூனைகளும் அங்கேதான் போகின்றன.

நாய் வளர்க்கும் அக்கா, அண்ணன்மாரே, "எங்க குட்டி கீழேயே இறங்காது, அதுக்கு எதுக்குப் பூச்சி மருந்து?" என்று கேட்காதீர்கள். உருண்டைப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். வேப்பிலையும் மஞ்சளும் பூசுவோர் பூசலாம், அதை மட்டும் நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் காது, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், விரலிடுக்கு என்று கைவிட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால்தான் சிட்டுவின் ரத்தத்தைத் தரையில் துடைக்க வேண்டிவந்தது.

தடைத் தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மணல் தொட்டி அருகே நிற்பேன். நாய்களின் எடையைக் குறித்துக்கொள்ள நோட்டும், தொட்டிக்கு அளவெடுத்து வாங்கிய தார்ப்பாயும் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து,
சிட்டுவின் வீட்டார்