வெறும் கையால் தொடாதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீல டிராகனை உள்ளங்கையில் வைத்து நீ எடுத்த படம் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். வெறும் கையிலா எடுப்பது? நேற்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான்.

பார்க்க 3 சென்டிமீட்டர் கடல் நத்தை, அதற்கு ஓடுகூடக் கிடையாது. ஆனால் தின்பது புளூபாட்டிலை, ஜெல்லிமீன் போல மிதந்து கொட்டுமே, அதை. அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் தன் கிளைகளின் நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். சில சமயம் புளூபாட்டிலைவிடக் கடுமையாகக் கொட்டிவிடும். செத்துக் கிடந்தாலும் தொடாதே. ஆஸ்திரேலியாவில் உங்கள் வொல்லங்காங் கடற்கரையில் வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே ஒதுங்கும் என்று நீதானே சொன்னாய்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன நீலம்! அது முதுகு இல்லை, வயிற்றுப்பக்கம். காற்றை விழுங்கி வைத்துக்கொண்டு மல்லாந்தே மிதக்கும். மேலே பறக்கும் பறவைக்கு நீலம் தண்ணீரோடு கலந்துவிடும். கீழே இருக்கும் மீனுக்கு வெள்ளி நிற முதுகு வெளிச்சத்தோடு போய்விடும். இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தியும் நான் நேரில் பார்த்ததில்லை. 2023இல் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகரிலேயே ஒதுங்கியது, அப்பா வெளியே விடவில்லை. என் மகள் கையில் அதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

விரலில் மோதிரத்தைக் காணோம். உப்புத் தண்ணீரில் வேண்டாமென்று கழற்றியிருப்பாய், அதுவும் சரிதான். பொங்கல் படத்திலும் மாப்பிள்ளை இல்லை. வேலையாக இருந்திருப்பார்.

நீல டிராகன் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கும். இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடும். ஆனாலும் அந்த இன்னொன்று வேண்டும், தேனு.

கொட்டினால் தேய்க்காதே. கடல் தண்ணீரில் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வை. யாராவது கூட இருக்கும்போது மட்டும் கடலுக்குப் போ. யார் கூட வருகிறார்கள் என்று எழுது.

மாடி அறையில் புது மின்விசிறி மாட்டியாயிற்று. சித்தி வந்தபோது நாங்கள் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, உனக்கே தெரியும். டிக்கெட்டுக்கு அப்பா பணம் எடுத்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அப்பா தூங்கிய பிறகு பண்ணினாலும் சரி, நான் விழித்திருப்பேன்.

அம்மா