நடப்பதற்கு பஸ் ஏறுகிறேன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள், ஆனால் பைபாஸைத் தாண்டிப் போக மருமகள் விடமாட்டேன் என்கிறாள், வண்டி திண்ணையில் சும்மா நிற்கிறது என்று எழுதியிருந்தாய். மருமகள் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1992 ஞாபகம் இருக்கிறதா? நம் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வண்டி வாங்க பேங்கில் கடனும் கிடைத்தது. தங்கச்சி என் வண்டியில்தான் ஓட்டிப் பழகியது. ஹேண்டில்பாரைக் கோணலாக்கியதை இன்னும் நான் மறக்கவில்லை, சொல்லிவிடு! அப்போது ரோட்டில் எதிரே வந்தது மாட்டுவண்டியும் எப்போதாவது ஒரு பஸ்ஸும்தான். 2001இல் இலவச சைக்கிள் திட்டம் வந்தது. ஆக, அரசாங்கம் சைக்கிளுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்திருக்கிறது. அது ஓட வேண்டிய ரோட்டோரத்துக்குத்தான் காசு வரவில்லை.

இங்கே சென்னையில் 2014இலேயே மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பாண்டி பஜாரில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் அகலமாக நடைபாதை போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். உண்மையிலேயே அருமை, கிழவன் கிழவி எல்லாம் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

எங்கள் தெருக் கதை வேறு. நடைபாதை உண்டு. அதன் நடுவில் மின்சாரப் பெட்டி, அப்புறம் வரிசையாக பைக்குகள், அதற்கும் அப்பால் தோண்டிய பள்ளம். ஒருவர் போட்டதை இன்னொருவர் வந்து தோண்டுகிறார். முட்டிவலிக்கு தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நானோ நடப்பதற்காக பஸ் ஏறி பாண்டி பஜார் போய்க்கொண்டிருக்கிறேன்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஒரு மனு கொடு. பொதுவாக 'பாதுகாப்பு வேண்டும்' என்று எழுதினால் கட்டோடு கட்டாகப் போய்விடும். பைபாஸை எந்த இடத்தில் கடக்கிறார்கள், காலையிலும் மாலையிலும் எத்தனை பிள்ளைகள் என்று இரண்டு நாள் நின்று எண்ணி எனக்கு அனுப்பு. மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துக்கு நீ அலை.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் அந்த சைக்கிளுக்குக் காற்றடித்து வை.

உன்,
சுப்பு