செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பதினான்கு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டம் காலை 10 மணிக்கு என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) மூன்று முறை போட்டேன். பத்தே முக்காலுக்குத் தொடங்கியிருக்கிறோம். கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கையைச் சேர்க்க, கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கைப்பிடித்து அழைத்து வந்ததை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னார். அவர்களும் உறுப்பினர்கள்தான், சந்தாதான் பாக்கி.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். ஜனவரியில் பொங்கல் வைத்தோம், நன்றாகப் பொங்கியது. மார்ச்சில் கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். அங்கே வெள்ளி நிறக் குரங்குகளின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ பெற்ற பிள்ளையோ என்று ஒருவன் கேட்டான். உலக விலங்குகள் நாளான அக்டோபர் 4 பள்ளி நாளாகப் போனதால் மறுநாள் சனிக்கிழமை கொண்டாடினோம். மலேசிய விலங்கு நலச் சட்டத்தைப் பொருளாளர் வாசித்துக் காட்டினார். கொடுமை செய்தால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தீபாவளிக்கு அன்பளிப்புப் பொட்டலம் கொடுத்தோம். சங்கப் பெயர்ப்பலகையில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இருக்கிறது. ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பலகை மாற்றும் தீர்மானம் இந்த ஆண்டும் ஒத்திவைக்கப்பட்டது.

இனி, சிலர் புலனத்தில் "கிராணியாரின் ஆந்தைச் செலவு" என்று குறிப்பிடும் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். பிள்ளைகளுக்கு ஆந்தைப் புத்தகம் போட்ட செலவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு, விலங்குகளிடம் இரக்கம் வளர்க்கும் படக்கதைப் புத்தகங்கள் வாங்கலாம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். சென்னையிலிருந்து நாற்பது புத்தகம் வரவழைத்தேன். அருமையான புத்தகங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். அணில் கதையை எடுத்து வாசித்தபோது ஒரு பெண்பிள்ளை வெளியே மாமரத்தைக் காட்டி, "நம்ம ஊர் அணிலுக்கு முதுகுல மூணு கோடு இல்லையே தாத்தா, ராமர் இங்க வரலியா?" என்றாள். உண்மைதான். இங்கே ஓடுகிற அணிலுக்கு வயிறு செம்பட்டை, கோடு விலாவில் மட்டும். நாற்பது ஆண்டு தோட்டத்தில் வேலை பார்த்தவன் நான், அதுவரை கவனித்ததில்லை. நம் பிள்ளை தினமும் பார்க்கிற ஒரு பிராணியை வைத்து நாமே ஒரு புத்தகம் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஏன் ஆந்தை என்று கேட்கிறார்கள். நாய் பூனையைப் பற்றி எழுதினால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடப்பட்டது. பனை வந்த இடத்துக்குப் பழம் தின்ன எலி வரும். எலியைப் பிடிக்க நிர்வாகங்கள் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை என்ற ஆந்தையைக் குடியேற்றுகின்றன. அதே கூகையை நம் வீட்டுப் பெரியவர்கள் சாக்குருவி என்பார்கள். கூரையில் உட்கார்ந்து கத்தினால் அந்த வீட்டில் சாவு விழுமாம். அதனால் பையன்கள் கல்லெறிகிறார்கள், தடுக்க யாரும் இல்லை. சங்க இலக்கியப் பாட்டில் ஒரு தோழி, காதலர் வரும் நேரத்தில் சத்தம் போட்டு எங்களைக் கலைக்காதே, உனக்குச் சுட்ட எலிக்கறியோடு சோறு போடுகிறேன் என்று கூகையைக் கெஞ்சுகிறாள். அவளுக்கு இருந்த பக்குவம்கூட நமக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த தோட்டத்தில் பெட்டி வருவதற்கு முன்னால் எலி மருந்துதான். மெழுகுக்கட்டி மாதிரி இருக்கும், மரத்துக்கு ஒன்று போட வேண்டும். ஸ்டோர் புத்தகத்தில் பதிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு நாலு நாள் திரியும். ஆந்தைக்குச் சுலபமான இரை. காலையில் பனை அடியில் சிறகு விரித்துக் கிடக்கும். வெள்ளை முகம், இதயம் மாதிரி. அப்போது அதைக் கணக்கில் எழுத இடம் இல்லை. இந்த அறிக்கையில் இருக்கிறது.

புத்தகம் 16 பக்கம். முதலில் 18 பக்கமாக எழுதினோம். தாளை மடித்து நடுவில் தைக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். இரண்டு பக்கம் குறைக்க வேண்டியதாயிற்று. குறைந்தவை தலைவரின் வாழ்த்துரையும் அவருடைய படமும். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்று இரண்டாவது முறையாகப் பதிவு செய்கிறேன். அட்டையில் "ஜீவகாருண்யம்" என்று போடச் சொன்னார்கள். ஐந்து வயதுப் பிள்ளையால் அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஆந்தை பறந்துவிடும். கடைசிப் பக்கத்தில் "நீதி" என்று எதுவும் போடவில்லை என்பதற்காகவும் மூன்று பேர் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். குஞ்சு வாயைத் திறந்து காத்திருக்கிறது, தாய் இன்னும் வரவில்லை, அந்தப் பக்கத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். மண்டபத்தில் காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு மேல் நீதி எதற்கு?

செலவு கூடியது. 800 வெள்ளிக்குத் தீர்மானம், 1,300-ஐத் தாண்டியது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட மாதிரிப் பிரதியில் ஆந்தை பேய் போலவே இருந்தது. பயத்தைப் போக்கப் போடுகிற புத்தகத்தில் பேயை எப்படிப் போடுவது? அதனால் வண்ணம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஆந்தை செரிக்க முடியாமல் உமிழ்ந்து, பெட்டிக்குக் கீழே கிடந்த உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, பழைய நாளிதழை விரித்து, தென்னை ஈர்க்கால் பிரித்துக் காட்டினேன். சாம்பல் முடிக்குள்ளிருந்து கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மண்டையோடு, முன்னால் ஆரஞ்சு நிறத்தில் பல். எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். அப்போதுதான் அணிலைப் பற்றிக் கேட்ட அதே பிள்ளை, "அப்ப எலி பாவம் இல்லையா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அடுத்த வாரம் அவள் தன் பிரதியின் பின்னட்டையில் ஒரு வளையும், வளைக்குள் ஐந்து எலிக்குட்டியும் வரைந்து கொண்டுவந்தாள். ஆந்தைக்குக் கல்லெறிகிற பையன்களில் ஒருவன் தன் உண்டிவில்லை என்னிடம் ஒப்படைத்துவிட்டான் என்று எழுதினால் அறிக்கை அழகாக இருக்கும். ஒப்படைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

சரி, சந்தா. ஆண்டுக்கு 24 வெள்ளி, மாதத்துக்கு இரண்டு. ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) விலை. அறுபத்து மூன்று உறுப்பினரில் கட்டியவர்கள் இருபத்தேழு பேர். கட்டாதவர்களில் சிலர்தான் ஆந்தைச் செலவைப் பற்றிப் புலனத்தில் நீளமாக எழுதுகிறார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்லவில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வாசிப்பு வட்டத்துக்கு முறை வைத்து வருவதாக எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு வந்தவர் ஒருவர், அவரும் பேத்தியைக் கூட்டிப் போக வந்தார்.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறது. ஏறத்தாழ என்பதற்கான விளக்கத்தைப் பொருளாளர் தருவார். அச்சகத்துக்குக் கொஞ்சம் பாக்கி. இப்போதைக்கு அது என் கைக்காசில் நிற்கிறது. கேட்பதற்காகச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும், கணக்காய்வாளர்கள் அதற்குள் கையெழுத்திட்டுவிட்டால் நல்லது.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், படம் வரைந்து கொடுத்த ஆசிரியைக்கும், ஆண்டு முழுவதும் ஆலோசனை வழங்கிய தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எலியை வைத்து ஒரு புத்தகம் போடலாம் என்று யோசிக்கிறேன். பன்னிரண்டு பக்கம் போதும். தலைவரின் வாழ்த்துரைக்கு இடம் இருக்கும். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, கண் புரை வேறு. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது விரும்பினால் தடையாக இருக்க மாட்டேன். அலமாரிச் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. யாரும் கேட்காவிட்டால் இன்னும் ஓராண்டு வைத்திருக்கலாம், அச்சகப் பாக்கி தீர்ந்தால்.

பசியாற மீஹூன் ஓரத்து மேசையில் மூடி வைத்திருக்கிறது. சந்தா நோட்டும் அங்கேதான் இருக்கிறது.