குத்தல் நின்றாலும் போய்க் காட்டு

ரங்கூன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பத்தாவது தேறிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. அங்கே உன் மோல்மேனில் இன்னும் பலமாகக் கொட்டும், தெரியும்.

ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, “மூணு வாரமா இருமல், இருமினா விலாவுல குத்துது, வாயுதான், ஓமத்தண்ணி குடிக்கிறேன்” என்று. அதையேதான் திரும்பத் திரும்பப் படித்தேன். போன வருஷம் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு எழுதாமல் மறைத்தது தப்புதான், இப்போது சொல்கிறேன்.

எனக்கு வலது விலாவில். மூச்சை ஆழமாக இழுத்தால் ஊசி குத்தும். அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை. வீட்டுக்காரி தைலம் தேய்த்து ஒற்றடம் கொடுத்தாள். பத்து நாளில் குத்தல் நின்றது. அம்மன் கண் திறந்தாள் என்று மறுநாளே அனோரத்தா சாலைக் காளி கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து மூன்றாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் படியில் உட்கார்ந்தேன், அப்படி மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நுரையீரலுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றி இரண்டு உறை உண்டு, வெளி உறைக்குத்தான் வலி தெரியும். உறை வீங்கி ஒன்றோடொன்று உரசும்போது குத்தும். நடுவில் நீர் கோத்துவிட்டால் உரசல் நின்று குத்தலும் நின்றுவிடும். நோய் முற்றியதை நான் குணம் என்று நினைத்திருக்கிறேன்! முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர், வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. டி.பி. என்றார்கள்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் பதறிவிட்டேன். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யுமாம். இப்போது நன்றாக இருக்கிறேன்.

உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. இருமி இருமியே விலாத் தசை பிடித்துக்கொள்ளும், விரலால் அழுத்தினால் அந்த இடம் வலிக்கும். நம் வயதில் பலமான இருமலில் விலா எலும்பே விரிசல் விடும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் புளிப்பு எதுக்களித்தும் நெஞ்சு எரியும், இருமல் வரும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம். நீ சுருட்டு பிடிக்கிறவன், அதனால் புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் டாக்டர் பிரித்துச் சொல்ல வேண்டியது, ஓமத்தண்ணி சொல்லாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள், நீ மூன்று தாண்டிவிட்டாய்.

நெஞ்சை அமுக்கிப் பிடித்து, கையிலோ தாடையிலோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினாலும், ஒரு கால் மட்டும் வீங்கித் திடீரென்று மூச்சு முட்டினாலும், சளியில் ரத்தம் வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதே.

மருமகனைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போ. முடிவு தெரிகிறவரை ஜன்னலைத் திறந்து வைத்துத் தனியாகப் படு, இருமும்போது வாயைத் துண்டால் மூடிக்கொள். பேத்தி உன் பக்கத்தில்தானே படுப்பாள்? அவளை அம்மாவோடு படுக்கச் சொல். எக்ஸ்ரே எடுத்த அன்றே எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்