சோறு வடிப்பது பெரிய விஷயமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொற்றுக் காலத்தில், மிஞ்சுகிற உணவைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற உணவு வங்கிகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் 2020 ஏப்ரலில் எங்கள் தெருப் பையன்கள் கட்டிய சாம்பார் சாதப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது. குடவாசல் பக்கம் எங்கள் ஊர். முகூர்த்தமெல்லாம் நின்றுபோய்ச் சும்மா இருந்த கல்யாணச் சமையல்காரர் ஒருவர் அண்டாவோடு வந்துவிட்டார், அறுவடை முடிந்த வீடுகளில் மரக்கால் மரக்காலாக அரிசி அளந்து கொடுத்தார்கள். காலை பத்து மணிக்குக் கட்டி முடித்து, வழியில் போலீஸுக்குப் பதில் சொல்லி, கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர மணி இரண்டு. பிரித்தால் சாதம் ஊசிப்போய் நூல் விடுகிறது. மெயின் ரோட்டில் இருந்தவர்களுக்கோ அன்றைக்கு மூன்று இடத்திலிருந்து பொட்டலம்!

அந்தத் தெருவில் ஒரு ஆயா சொன்னார்: "அரிசிதான் கடையில குடுத்துட்டாங்களே தம்பி, புளி மொளகாய்க்குத்தான் வழியில்ல." அதோடு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு நோட்டுப் போட்டு வீடு வீடாக எழுதிக்கொண்டு, மளிகைப் பை கட்ட ஆரம்பித்தோம்.

ஜான் வான் ஹெங்கல் 1967-இல் பீனிக்ஸ் நகரத்தில் தொடங்கிய முதல் உணவு வங்கியின் வழிவந்த அமெரிக்க அமைப்புகளுக்கும் 2020-இல் முதல் அடி ஆள் பற்றாக்குறைதான். பெட்டி கட்டிய தொண்டர்களில் நிறையப் பேர் ரிட்டயர் ஆன பெரியவர்கள், அவர்கள் வீட்டோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. பல மாநிலங்களில் 'நேஷனல் கார்ட்' என்கிற மாநில ரிசர்வ் ராணுவப் படையினர் வந்து பெட்டி கட்டினார்கள், வாங்க வந்தவர்கள் காரை விட்டே இறங்காமல் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆக, கிடங்கு, வண்டி, மாற்று ஆள், யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்கிற கணக்கு, இவை இருந்தால்தான் வண்டி ஓடும். சோறு வடிப்பது அதில் சின்ன வேலை.

நமக்கு அந்த இடத்தில் ரேஷன் கடை இருந்தது. தேதி, நேரம் போட்ட டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையை இலவசமாகப் போட்டார்கள், ஆயிரம் ரூபாயும் வந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுவடை மெஷினோடு வந்து மாட்டிக்கொண்ட வெளிமாவட்ட டிரைவர்கள் எந்தக் கடையில் போய் நிற்பது? எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று அந்த அக்டோபரில் இங்கே வந்த ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம்கூடக் கார்டு உள்ளவர்களுக்குத்தான். கார்டே இல்லாதவர் கதை அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே வாரங்களில் திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார் வாங்க ஆளில்லாமல் கொல்லையிலேயே பழுத்து வீணானது. மிஞ்சுகிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவதுதானே உணவு வங்கியின் வேலையே? கும்பகோணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மினி லாரியும் அதற்கு ஒரு பாஸும் இருந்திருந்தால் எங்கள் பையில் பழமும் போயிருக்கும்.

அதனால் ஊராட்சிக்கு ஒரு பட்டியல், கார்டு இல்லாதவர்களையும் சேர்த்து, இப்போதே எழுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி வைக்கலாம். எங்கள் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்