எங்கள் கட்டுரைகளைத் திருத்தித் தாருங்கள்: பயிற்சி மைய நிர்வாகிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் என் முடிவு வந்தது. 9-க்கு, கேட்டல் பகுதியில் 6.5, எழுத்துப் பகுதியில் 6. இரண்டிலும் எனக்கு 7 வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டது நீங்கள்தான். அன்று மாலையே உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் மதிப்பெண்ணைக் கேட்டார். கேட்ட மறுநொடியே, "பரவாயில்லை, திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பம், மறுபடி சேர்ந்துவிடுங்கள்" என்றார். எதனால் குறைந்தது என்று நான்தான் கேட்டேன். "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

என் மேசைமீது 14 கட்டுரைகள் கிடக்கின்றன. எட்டு வாரத்தில் நான் எழுதி உங்களிடம் ஒப்படைத்தவை. கடைசி வகுப்பன்று ரப்பர் பேண்டு சுற்றி ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் ஓர் எண்: 6, 6, 6.5, 6. அதன் கீழ் ஒரு சுருக்கெழுத்துக் கையொப்பம். உள்ளே ஒரு கோடு கிடையாது, ஒரு வட்டம் கிடையாது. மூன்றாவது தாளில் ஒரு வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டிருக்கிறேன். அதற்கு வினைச்சொல்லே இல்லை. அதையும் தாண்டிக்கொண்டு போய்த்தான் அந்த 6 விழுந்திருக்கிறது.

முடிவு வந்த இரவு அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி, கேள்வியையும் என் பதிலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். 'இந்தக் கருத்தை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' என்பது கேள்வி. நான் ஒரு பத்தியில் சாதகங்களை அடுக்கி, அடுத்த பத்தியில் பாதகங்களை அடுக்கி, இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று முடித்திருக்கிறேன். நான் ஏற்கிறேனா, மறுக்கிறேனா? எந்த வரியிலும் அது இல்லை. இந்த வகைக் கேள்வி ஆறு தாள்களில் வந்திருக்கிறது. ஆறிலும் இதே பிழை. தேர்விலும் இதே வகைக் கேள்விதான் வந்தது. ஏழாவது முறையாக அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற நிறைவோடு வெளியே வந்தேன்.

முதல் வாரத்தில் யாராவது ஓரத்தில் 'உன் நிலைப்பாடு எங்கே?' என்று மூன்று சொல் எழுதியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தத் தேர்வில் எழுத்துப் பகுதியை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா, கருத்துகள் கோவையாகத் தொடர்கின்றனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. எந்த பேண்டுக்கு, அதாவது எந்த மதிப்பெண் நிலைக்கு, என்ன தேவை என்ற விளக்கமும் எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. அப்படியிருக்க, நான்கில் எதில் இடறினேன் என்று சொல்லாத ஒரு வெறும் 6-ஐ வைத்துக்கொண்டு நான் எதைச் சரிசெய்திருக்க முடியும்? ஆங்கிலத்தின் 'ஏ' (a), 'தி' (the) என்ற இரண்டு சின்னச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவற்றுக்கு நேர் ஈடு இல்லை. எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது தமிழில் யோசிக்கிறவருக்குத் தானாக வந்துவிடாது. ஒருவர் நம் வாக்கியத்திலேயே அடித்துக் காட்டினால்தான் பிடிபடும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: எங்கள் கட்டுரைகளைத் திருத்தித் தாருங்கள்.

எழுத்துப் பகுதியில் டாஸ்க் 1 என்பது வரைபடத்தை வர்ணிப்பது, டாஸ்க் 2 என்பது கட்டுரை. டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு மதிப்பு. குறைந்தது 250 சொற்கள், ஒதுக்க வேண்டிய நேரம் 40 நிமிடம். ஆனால் எட்டு வாரத்தில் ஐந்து வாரம் வரைபடங்களை வர்ணிப்பதிலேயே கழிந்தது. மீதி வாரங்களுக்கு, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்று சொல்லி, மனப்பாடம் செய்ய ஒரு தாள் நிறைய ஆரம்ப வாக்கியங்களைக் கொடுத்தீர்கள். வகுப்பில் இருந்த 25 பேரும் கட்டுரையை ஒரே வாக்கியத்தில் தொடங்கினோம். மனப்பாட வாக்கியங்களை அடையாளம் காணப் பழகியவர்கள்தான் திருத்துகிறார்கள். அவற்றுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை.

கேட்டல் பகுதிக்கும் இதே கதிதான். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். நான்கு பகுதி, 40 கேள்வி, ஏறத்தாழ 30 நிமிடம். உங்கள் வகுப்பிலோ யாராவது கை தூக்கினால் நிறுத்தி மறுபடி போட்டார்கள். எங்கள்மேல் உள்ள அக்கறையில் செய்தது என்று அறிவேன். ஆனால் அதில் 33, 34 என்று வாங்கி, 7 உறுதி என்று நம்பிவிட்டேன். முடிந்ததும் விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுத 10 நிமிடம் தருவீர்கள். அது காகிதத்தில் எழுதுகிறவர்களுக்கு உரிய சலுகை. நான் எழுதியது கணினியில். அங்கே கேட்கும்போதே தட்டச்சு செய்துவிட வேண்டும், கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். பழகிய கை, குறிப்புத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே போயிற்று. நான்காம் பகுதியின் மூன்று விடைகள் அந்தத் தாளிலேயே தங்கிவிட்டன.

மாதிரித் தேர்வு முடிந்தால் ஆசிரியர் 40 விடைகளையும் நான்கே நிமிடத்தில் வாசித்து முடிப்பார். "முப்பதுக்கு மேல் யார்?" கைகள் எழும். அத்தோடு பாடம் முடிந்தது. ஒரு முறை நான் செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தேன், விடை வியாழக்கிழமை. என் காதில் செவ்வாய் என்றுதான் தெளிவாக விழுந்திருந்தது. வீட்டில் மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது: பேசுகிற பெண் முதலில் செவ்வாய் என்கிறாள், பிறகு அன்று கூடம் கிடைக்காது, வியாழன் வைத்துக்கொள்வோம் என்று மாற்றுகிறாள். முதல் விடை காதில் விழுந்ததும் கவனத்தை விட்டுவிடுவது என் பழக்கம். ஏன் தவறியது என்று வகுப்பில் ஒரு முறை பேசியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைக் கேட்டோம். ஆசிரியர்களுக்கு மட்டும் என்றார்கள். பயிற்சி நூல்களின் பின்பக்கத்தில் அது அச்சாகியே வருகிறது. நீங்கள் தந்த நகலில் அந்தப் பக்கங்களை மட்டும் காணவில்லை.

உங்கள் வாசலில் 8 வாங்கியவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறீர்கள். பாராட்டுக்குரியவர்கள்தான். ஆனால் 6 வாங்கி, மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி 6 வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பலகை சொல்கிறது? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். தூக்கத்தை விட்டு அவர் எழுதிய தாள்களிலும் மூலையில் எண் மட்டும்தான். அவருக்கு இது மூன்றாவது வகுப்பு. பயிற்சி என்று சொல்லி எழுத வைத்துவிட்டு, எழுதியதை யாருமே படிக்காமல் திருப்பித் தருவதை என்ன பெயரிட்டு அழைப்பது? தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், போன மாதங்கள், எல்லாம் எங்கள் கணக்கில்தான் ஏறுகின்றன.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஓர் ஆசிரியர் 25 பேரின் கட்டுரைகளையும் வாரந்தோறும் வரிவரியாகத் திருத்த முடியாது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. திருத்துவதற்கென்றே இன்னொருவரை நியமியுங்கள். முடியாவிட்டால் 14 கட்டுரைகளை நாலாகக் குறையுங்கள். அந்த நாலையும் குறிப்போடு ஒரு வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள். ஒலிப்பதிவை ஒரு முறை மட்டும் போடுங்கள். கணினியில் எழுதப்போகிறவர்களை முதல் நாளிலேயே கேட்டறிந்து அதன்படி பழக்குங்கள். விட்டுப்போன அந்தப் பக்கங்களையும் நகலெடுத்துக் கொடுங்கள்.

ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி இப்போது வந்திருக்கிறது. எனக்கு இரண்டு பகுதிகளில் குறைந்துவிட்டதால் அதுவும் பயன்படாது. முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். அந்த ஆறு கட்டுரைகளின் நகல்களை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் அவற்றில் ஒன்றையாவது திருத்தி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, மறுபடி சேர்வதா என்று முடிவு செய்கிறேன்.

நன்றியுடன்,
சென்ற மாலை வகுப்பின் மாணவி