விசிட்டிங் லெக்சரர்மாருக்கு ஆர் சொல்லித் தாறது?

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு கல்விப் பக்கத்தில, கம்பஸ் பிள்ளைகள் லெக்சருக்கு வராததுக்குக் காரணம் லெக்சரர்மாருக்கு வகுப்பை உயிர்ப்பா நடத்தத் தெரியாததுதான் எண்டு ஒரே வரியில தீர்ப்பு எழுதி முடிச்சிட்டீங்கள். நல்லது. எழுதினவர் லெக்சர் ஹோல் பக்கம் கடைசியா எப்ப வந்தவரோ தெரியேல்ல.

நான் கொழும்பில ஒரு தனியார் கல்லூரியில விசிட்டிங்கா படிப்பிக்கிறன். ஹோல் நிறையப் பிள்ளைகள், மேல கடகடக்கிற ஃபேன், மைக்குக்கு பட்டரி நான்தான் கடையில வாங்கிக்கொண்டு போறது. அதுக்குள்ள ஒரு பிள்ளைக்குக் காது கேக்கிறது குறைவு, வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுது, நான் போர்ட் பக்கம் திரும்பி நிண்டு கதைச்சா அதுக்கு லெக்சர் அவ்வளவுதான். பதியேக்கையே ஃபோமில எழுதிக் குடுத்ததாம், ஒஃபிஸில இருந்து எனக்கு ஒரு சொல்லு வரேல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குத் தெரியாததில்ல, கல்வி நிறுவனத்தில சேர்க்கேக்க மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது. சரி, சேத்தாச்சு, பிறகு?

பிறகு இங்கிலிஷ். வவுனியாவில, ஹட்டனில தமிழ்ல ஏ.எல் எடுத்திட்டு வந்த பிள்ளைக்கு முதல் நாளே எல்லாம் இங்கிலிஷ்ல, வாய் திறக்கேல்லையெண்டா மக்கு எண்டு முடிவு. ஒரு ஆசிரியர் கேள்வி கேட்டா சராசரியா ஒரு செக்கன்தான் பொறுக்கிறார், மூண்டு செக்கன் பொறுத்தா பதில் நீளமா வரும் எண்டு மேரி பட் ரோ எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1970களிலயே காட்டினவ. நான் கேட்டிட்டுப் பொறுத்து நிப்பன், முதல்ல பக்கத்துப் பிள்ளையோட தமிழிலயோ சிங்களத்திலயோ கதைச்சிட்டுச் சொல்லுங்கோ எண்டு விட்டா கடைசி வாங்கில இருந்தும் கை எழும்புது. சத்தம் கூடிப் போச்சு, சிலபஸ் முடியாது எண்டு மேல இருந்து புகார் வரும், அது வேற கதை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில புதுசா வாற லெக்சரர்மாருக்கு ஊழியர் மேம்பாட்டு நிலையம் பயிற்சி குடுக்குது. மணித்தியாலக் கணக்கில சம்பளம் வாங்கிற எங்களுக்கு ஆர்? எங்கட இடத்திலயும் 'மாணவர் பங்கேற்பு' எண்டு ஒரு வேர்க்‌ஷொப் வைச்சவை, வந்தவர் காலமை முழுக்க ஸ்லைட்டைப் பாத்து வாசிச்சார், எங்களிட்ட ஒரு கேள்வி கேக்கேல்ல. புரியாணி நல்லம்.

பெரிசா ஒண்டும் கேக்கேல்ல ஐயா. அந்த ஊழியர் மேம்பாட்டு நிலையப் பயிற்சிகளில வெளியாக்களும் காசு கட்டிச் சேரலாமோ, எங்க, எப்ப எண்டு விசாரிச்சு அதே பக்கத்தில ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமையெண்டா வசதி, மற்ற நாள் எனக்கு வேற இடத்திலயும் வகுப்பு இருக்கு.

இப்படிக்கு,
படிப்பிக்கத் தெரியாத ஒரு விசிட்டிங் லெக்சரர்,
வெள்ளவத்தை